சைகோன் போர் எச்சங்கள் அருங்காட்சியகம்: செலவுப் பக்கம் நிறைவு, காரணப் பக்கம் பாக்கி

திருச்சியிலிருந்து நேரடி விமானம் விட்டதிலிருந்து எங்கள் ஸ்ரீரங்கம் தெருவில் பலர் வியட்நாம் போய் வந்துவிட்டார்கள். எல்லோரிடமும் இருக்கும் படம் ஒன்றுதான்: இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் அந்தத் தங்கப் பாலம். சைகோனில் (இப்போதைய ஹோ சி மின் நகரம்) உள்ள போர் எச்சங்கள் அருங்காட்சியகம் எப்படி என்று கேட்டால், "ஐயோ, அது பார்க்கவே கஷ்டமா இருக்கும்னாங்க, வாசல்ல டாங்கி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம்" என்கிறார்கள். நான் மூன்று தளமும் ஏறி இறங்கிப் பார்த்தேன். போகலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்காக இது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், என் பார்வை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சென்னை ஏஜி ஆபீஸில் (அரசுக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரும்பகுதி பென்ஷன் பிரிவு. கூட வந்தவன் என் தம்பி. ராணுவத்தில் சிக்னல்ஸில், அதாவது தொலைத்தொடர்புப் பிரிவில், சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். 1988-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு வவுனியாவில் இருந்திருக்கிறான். அவனோடு இப்படி ஓர் இடத்துக்குப் போனால் அறைக்கு அறை வாக்குவாதம்தான். வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

இடம் வோ வான் தான் தெருவில், பழைய மூன்றாம் மாவட்டம். டிக்கெட் நாற்பதாயிரம் டாங். எண்ணைக் கேட்டுத் தம்பி ஒரு கணம் பர்ஸைப் பொத்திக்கொண்டான். நம்ம பணத்தில் நூற்று நாற்பது ரூபாய்க்குள்தான் வரும். அந்தக் காசுக்கு இவ்வளவு தரும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டூர்காரர்கள் முக்கால் மணி நேரம் கொடுப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். சில அறைகளில் ஏசி கிடையாது, மின்விசிறிதான். லிஃப்ட் இருக்கிறது, முட்டிவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

போர் முடிந்த 1975-லேயே, செப்டம்பரில், திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு அமெரிக்கத் தகவல் அலுவலகம் இருந்த கட்டடம். முதலில் வைத்த பெயர் அமெரிக்காவின் குற்றங்களைக் காட்டும் இல்லம் என்கிற மாதிரி இருந்தது. 1995-இல் இரு நாட்டு உறவும் சீரானதும் பெயரைத் தணித்துக்கொண்டார்கள். உள்ளே தணிந்ததா என்றால், அவ்வளவாக இல்லை.

முற்றத்தில் ஹெலிகாப்டர், போர் விமானங்கள், எம்-48 டாங்கி எல்லாம் நிற்கின்றன. கூட்டமும் படம் எடுப்பதும் இங்கேதான். தம்பி அந்த ஹியூயி ஹெலிகாப்டரின் கதவோரத் துப்பாக்கி தாங்கியை அரை மணி நேரம் ஆராய்ந்தான். கிட்டத்தட்ட ஏழு டன் குண்டு ஒன்றின் கூடு இருக்கிறது. காட்டுக்குள் ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டும் என்பதற்காக மரங்களைப் படுக்க வைக்கப் போட்டதாம். பக்கவாட்டில் கோன் தாவ் தீவுச் சிறையில் கைதிகளை அடைத்த புலிக்கூண்டின் மாதிரியும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த, தலை வெட்டும் கில்லட்டினும் உண்டு. சிறு பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம்.

மேல்தளத்தில் தொடங்கிக் கீழே இறங்குவது நல்லது. மேலே, இந்தோசீனப் போர்களில் இறந்த புகைப்படக்காரர்களின் படங்களுக்கென்று ஒரு கூடம். டிம் பேஜ், ஹோர்ஸ்ட் ஃபாஸ் என்ற இரண்டு போர்ப் புகைப்படக்காரர்கள் தொகுத்தது. அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர், வடக்கு வியட்நாம்காரர், தெற்கு வியட்நாம்காரர் என்று எல்லாத் தரப்பும் ஒரே சுவரில் இருப்பது இந்தக் கட்டடத்திலேயே இங்கே மட்டும்தான். ஜப்பானியப் புகைப்படக்காரர் சவாடா எடுத்த படம், ஆற்றில் கழுத்தளவு நீரில் பிள்ளைகளோடு நீந்தும் தாய்மார்கள், நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 1966-இல் புலிட்சர் பரிசு வாங்கிய படம். எடுத்தவர் 1970-இல் கம்போடியாவில் கொல்லப்பட்டார். நேரம் குறைவாக இருந்தால் இந்தக் கூடம் ஒன்றைப் பார்த்தால்கூட டிக்கெட் காசு வசூல்.

அடுத்த தளத்தில், மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் மக்களைக் கொன்று குவித்த படங்கள். 1968 மார்ச் 16. வியட்நாம் கணக்கில் இறந்தவர்கள் 504 பேர். படங்களை எடுத்தவர் அமெரிக்க ராணுவத்தின் சொந்தப் புகைப்படக்காரர். தண்டனை பெற்றது லெப்டினன்ட் கேலி ஒருவர் மட்டும். ஆயுள் தண்டனை என்றார்கள், மூன்றரை ஆண்டு வீட்டுக்காவலில் முடிந்தது. தம்பி இந்த அறையில் ஒன்றும் பேசவில்லை, வேகமாகக் கடந்து போனான். நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஏஜென்ட் ஆரஞ்சு அறை. வந்தவர்கள் பலர் பாதியில் திரும்பிப் போவது இங்கேதான். நான் அதிக நேரம் நின்றதும் இங்கேதான், பென்ஷன் பிரிவுப் புத்தி.

1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தெற்கு வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் தெளித்த களைக்கொல்லி ஏழு கோடி லிட்டருக்கு மேல். அதில் பெரும்பங்கு ஏஜென்ட் ஆரஞ்சு. அதோடு கலந்திருந்த டையாக்சின் என்ற நச்சு மண்ணிலும் குளத்து மீனிலும் தங்கிவிட்டது. வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம் பாதிக்கப்பட்டவர்கள் 30 லட்சம் என்கிறது. அமெரிக்கா அந்த எண்ணை ஏற்பதில்லை. சுவர் முழுக்கப் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் படங்கள். பேரப்பிள்ளைகள் தலைமுறை வரை வந்துவிட்டது.

சுவரில் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. அதே ரசாயனத்தைக் கையாண்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, 1984-இல் தயாரித்த கம்பெனிகள் 18 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. 1991-இல் சட்டமே போட்டார்கள். குறிப்பிட்ட நோய் இருந்து, வியட்நாமில் பணிபுரிந்ததற்குச் சான்றும் இருந்தால் போதும், நோய்க்குக் காரணம் அந்தக் களைக்கொல்லி மருந்துதான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, உதவித்தொகை உண்டு. 2022-இல் அந்த நோய்ப் பட்டியலில் ரத்தக்கொதிப்பையும் சேர்த்தார்கள். வியட்நாம்காரர்கள் அதே கம்பெனிகள் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2005-இல் தள்ளுபடி. ஒரே மருந்து, ஒரே காடு. பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கோப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பென்ஷன் பிரிவில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு உறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தா நாங் விமான நிலையத்து மண்ணைச் சுத்தம் செய்ய அமெரிக்கா சுமார் 11 கோடி டாலர் செலவழித்து 2018-இல் முடித்தது. இப்போது சைகோனுக்குப் பக்கத்தில் பியன் ஹோவா தளத்தில் வேலை நடக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது அந்த வேலையும் சில வாரங்கள் நின்று, பிறகு தொடங்கியது.

போரின் செலவு என்று எல்லோரும் சொல்வது குண்டும் விமானமும் வாங்கிய பணத்தை. அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு வியட்நாம் போருக்குச் சொல்லும் கணக்கு அன்றைய மதிப்பில் 11,100 கோடி டாலர், 2011 மதிப்பில் 73,800 கோடி டாலர். இதில் முன்னாள் சிப்பாய்களுக்கான தொகை சேரவே சேராது. எங்கள் பிரிவில் குடும்பப் பென்ஷன் கோப்புகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அந்தப் போரின் கடைசிப் பென்ஷன்தாரர், ஒரு சிப்பாயின் மகள், 2020-இல்தான் இறந்தார். மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தார். 2001-க்குப் பிந்தைய போர்களுக்கு பிரவுன் பல்கலைக்கழகம் போட்ட கணக்கு 8 லட்சம் கோடி டாலர். அதில் முன்னாள் வீரர்களின் வைத்தியத்துக்கும் உதவிக்கும் இனிமேல் போகப்போவது மட்டும் சுமார் 2.2 லட்சம் கோடி. ஆனால் ஈராக்குக்குள் போகுமுன் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் தலைவர் சொன்ன மதிப்பீடு 5,000 முதல் 6,000 கோடிதான். 10,000 முதல் 20,000 கோடி வரை ஆகலாம் என்று சொன்ன பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 டிசம்பரில் பதவி போய் வீட்டுக்குப் போனார். இப்படி ஒரு எஸ்டிமேட் எங்கள் ஆபீஸ் மேஜைக்கு வந்திருந்தால் ஆட்சேபக் குறிப்பு எழுதவே ஒரு நாள் ஆகியிருக்கும்.

ஆக, செலவைக் காட்டுவதில் இந்த அருங்காட்சியகம் பிரமாதம். என் குறை காரணத்தைப் பற்றியது.

அமெரிக்கா ஏன் வந்தது? இங்கே எனக்குக் கிடைத்தது ஒற்றை விளக்கம்: ஏகாதிபத்திய ஆக்கிரமிப்பு. தப்பு என்று சொல்லவில்லை. 1953-லேயே அமெரிக்க அதிபர் ஐசனோவர் இந்தோசீனா கைவிட்டுப் போனால் தகரமும் டங்ஸ்டனும் வருவது நின்றுவிடும் என்று பகிரங்கமாகப் பேசியவர்தான். ஆனால் அதோடு விட்டால், நல்ல படிப்புப் படித்த ஆட்கள் உட்கார்ந்து யோசித்து எப்படி ஐந்து லட்சம் பேரை அனுப்பினார்கள் என்பது புரியாமலே போகிறது.

அந்தக் காகிதங்கள் ஒன்றும் ரகசியமாக இல்லை. 1964 மே மாதம் அதிபர் ஜான்சன் தன் ஆலோசகர் பண்டியிடம் தொலைபேசியில், இது சண்டை போடத் தகுந்த இடமாகத் தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது போலிருக்கிறது என்கிறார். பதிவு இருக்கிறது, கேட்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், டோன்கின் வளைகுடாவில் வடக்கு வியட்நாம் படகுகள் அமெரிக்கக் கப்பலைத் தாக்கியதாகச் சொன்ன விவகாரம். 2-ஆம் தேதி தாக்குதல் நடந்தது உண்மை. 4-ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்க உளவு நிறுவனத்தின் சொந்த வரலாற்றாசிரியரே எழுதிவைத்தது 2005-இல் வெளியே வந்தது. ஆனால் 7-ஆம் தேதியே, படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. கீழவையில் 416-க்குப் பூஜ்யம். செனட்டில் எதிர்த்தது மோர்ஸ், குரூனிங் என்று இரண்டே பேர்.

எனக்கு மறக்காதது இதைவிட ஒரு சின்னக் குறிப்பு. 1965 மார்ச் 8-இல் அமெரிக்க மரைன் படையினர் தா நாங்கில் இறங்கினார்கள். 24-ஆம் தேதி பாதுகாப்புத் துறை உயரதிகாரி ஜான் மெக்நாட்டன் தன் அமைச்சர் மக்நமாராவுக்கு அமெரிக்க நோக்கங்களைச் சதவீதம் போட்டு எழுதினார். 70 சதவீதம், அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க. 20 சதவீதம், தெற்கு வியட்நாம் சீனா கைக்குப் போகாமல் காக்க. 10 சதவீதம், அந்த மக்கள் நல்லபடியாக, சுதந்திரமாக வாழ. மேடையில் பேசியதெல்லாம் அந்தப் பத்து சதவீதத்தை. படை இறங்கிப் பதினாறே நாளில் எழுதியது இது. 1971-இல் பென்டகன் ஆவணங்கள் என்ற பாதுகாப்புத் துறையின் ரகசியத் தொகுப்பு பத்திரிகையில் வெளிவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இந்த ஒரு தாளைப் பெரிதாக்கி ஒரு சுவரில் மாட்டினால் போதும், மற்ற பலகைகள் பாதி தேவையில்லை. மக்நமாரா பிற்காலத்தில் நாங்கள் தவறிழைத்தோம், பயங்கரமாகத் தவறிழைத்தோம் என்று ஒத்துக்கொண்ட வாசகத்தை மாட்டியிருக்கிறார்கள். அது முடிவு. கணக்குப் பார்க்கிறவளுக்கு வழி வேண்டும்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "வவுனியாவில எதுக்கு வந்தோம்னு கேட்டா ஒவ்வொரு ஆபீசரும் ஒவ்வொரு காரணம் சொன்னாங்க அக்கா. ஒருத்தரும் பொய் சொல்லல. அவங்கவங்களுக்குச் சொல்லப்பட்டது அது" என்றான். அந்தப் படையெடுப்பில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்து நூறுக்கு மேல். அங்கே இறந்த ஊர் மக்களைப் பற்றி அவன் தானாக ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "அதுக்கும் ஒரு மியூசியம் வேணும்" என்று மட்டும் சொன்னான்.

அமெரிக்காவோடு சேர்ந்து வந்தவர்களின் காரணம் இன்னும் சுவாரசியம். தென்கொரியா மொத்தம் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களை மாற்றி மாற்றி அனுப்பியது. ஐயாயிரம் பேர் இறந்தார்கள். 1966-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி பணமும் ஆயுதமும் ஒப்பந்த வேலைகளும் கிடைத்தன. இப்போது சைகோன் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் கொரியக் கம்பெனிப் பெயர்கள்.

இன்னொரு பெரிய விடுபடல். வியட்நாமே ஒரு பக்கத்து நாட்டுக்குள் படை அனுப்பியிருக்கிறது. 1978 டிசம்பர் 25-இல் கம்போடியாவுக்குள் நுழைந்து, ஜனவரி 7-இல் நோம் பென்னைப் பிடித்து, அங்கே ஆண்டுகொண்டிருந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியை விரட்டியது. படை திரும்பியது 1989 செப்டம்பரில். நான் பார்த்த அறைகளில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கோ, காரணம், செலவு பற்றி வாதிட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நானும் தம்பியும் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். அவன் கட்சி: பதினைந்து லட்சம் பேருக்கு மேல் சாகடித்த ஓர் ஆட்சி போனது, வேறென்ன வேண்டும்? என் கேள்வி: கொலைகள் 1975-லிருந்தே நடந்தன, அப்போது ஏன் போகவில்லை? எல்லையில் தன் ஊர்கள் தாக்கப்பட்ட பிறகுதான், 1978 ஏப்ரலில் பா சுக் கிராமத்தில் 3,157 பேரைக் கெமர் ரூஜ் கொன்ற பிறகுதான் போனது. "அதனால என்ன? 1971-ல நாமளும் ஒரு கோடி அகதிகள் வந்த பிறகுதான் போனோம். சுயநலத்தோட போனா பலன் இல்லாமப் போயிடுமா?" என்றான். அது நியாயமான கேள்விதான். பத்து வருஷம் ஏன் தங்கினார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். போனால் கெமர் ரூஜ் திரும்பி வரும் என்றான். அதுவும் நியாயம்தான். கொன்றவர்களின் தரப்பே ஐநாவில் கம்போடியாவின் இருக்கையில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவும் சீனாவும் அதற்குத் துணை. 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமுக்குப் 'பாடம் புகட்ட' வடக்கே படையெடுத்தது. புதிய நோம் பென் அரசை 1980-இல் அங்கீகரித்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தப் பத்து வருஷத்தில் இறந்த வியட்நாம் சிப்பாய்கள் பல்லாயிரம். அவர்களின் அம்மாக்கள் இந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு அறை ஒதுக்கினால் அமெரிக்காவின் குற்றம் ஒன்றும் குறைந்துவிடாது.

அதே போலத்தான் தெற்கு வியட்நாம் ராணுவத்தில் இருந்தவர்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் இறந்தார்கள். பலகைகளில் அவர்கள் அமெரிக்காவின் கைப்பாவைகளாகத்தான் வருகிறார்கள். கை கால் இழந்து பிழைத்தவர்களுக்கு ஜெயித்த அரசும் பென்ஷன் தரவில்லை, பின்னால் நின்ற அமெரிக்காவும் தரவில்லை. வெளிநாடு போன சொந்தக்காரர்களும் சில கோயில் பாதிரிமார்களும் கொடுத்ததுதான். இந்தப் போரில் யாருடைய பேரேட்டிலும் ஏறாத ஆட்கள் அவர்கள்.

மார்க் கேட்டால்: புகைப்படக் கூடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஏஜென்ட் ஆரஞ்சு அறைக்கும் அப்படியே. வரலாற்று விளக்கத்துக்கு இரண்டு. ஊழியர்கள் அமைதியானவர்கள், அவசரப்படுத்தவில்லை. கழிப்பறை சுத்தம். கீழ்த்தளத்தில் ஏஜென்ட் ஆரஞ்சால் பாதிக்கப்பட்டவர்கள் செய்த கைவினைப் பொருட்கள் விற்கிறார்கள். வாங்க நினைத்தால் அங்கே வாங்குங்கள், தோட்டாவில் செய்த சாவிக்கொத்தை வெளியே பேரம் பேசி வாங்காதீர்கள்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மை லாய், ஏஜென்ட் ஆரஞ்சு அறைகளுக்குக் கூட்டிப் போக வேண்டாம். கீழ்த்தளத்தில் உலக நாடுகளில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டங்களின் சுவரொட்டிகள் இருக்கின்றன, அவர்கள் அதைப் பார்க்கட்டும். காலை ஏழரைக்குத் திறந்ததும் போய்விட்டால் பஸ் கூட்டம் வருமுன் மேல்தளத்தை முடித்துவிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'கோம் சாய்' என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள், பக்கத்துத் தெருக்களில் கிடைக்கும். நடக்கிற தூரத்தில் நகரத்தார் கட்டிய மாரியம்மன் கோயிலும் உண்டு, வியட்நாம்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

மதியத்துக்கு மேல் அங்கிருந்து நடந்தே சுதந்திர மாளிகைக்குப் போங்கள், தனி டிக்கெட். தெற்கு வியட்நாம் அதிபர்கள் இருந்த வீடு. நிலவறையில் போர் வரைபடங்களும் தொலைத்தொடர்பு அறையும் அப்படியே இருக்கின்றன. தம்பியை அந்தப் பழைய டெலிபிரிண்டர்களிடமிருந்து பிரித்துக் கூட்டிவரப் பட்ட பாடு தனிக்கதை. அருங்காட்சியகத்தில் முகமே இல்லாத அந்தத் தரப்பின் நாற்காலி மேஜையையாவது அங்கே பார்க்கலாம்.